பந்தெறிபவன் மட்டை பிடித்த நாள்

ஹனோவரில் பேருந்து ஓட்டும் துவாரகன், ஞாயிறுகளில் பேஸ்பால் பந்தெறிவான். பந்தெறிபவனுக்குப் பதிலாக வேறொருவர் மட்டை பிடிக்கலாம் என்ற விதிக்காகக் கழகக் கூட்டங்களில் தொண்டை வறள வாதாடியவன். காரணம், பந்து மேலே பட்டுவிடுமோ என்ற வெறும் பயம். போன வருடம் அவன் எறிந்த பந்து லுக்காஸின் தம்பியின் விலாவை உடைத்தது. இந்த ஞாயிறு எதிரணியில் பந்தெறியப்போவது அந்த லுக்காஸ்தான்.

இந்த ஆட்டத்துக்கு அந்த விதி வேண்டாமென்று, பந்தெறிபவர்களும் மட்டை பிடித்தாக வேண்டுமென்று, இரு அணிகளும் முடிவெடுத்துவிட்டன.

“காய்ச்சலெண்டு சொல்லிப்போட்டு வீட்டிலையே நிக்கட்டோ?” என்று மனைவி சிவகௌரியிடம் கேட்டான்.

“மற்றவைக்கு எறியிறனீங்கள், ஒருக்கா நீங்களும் நிண்டு பாருங்கோவன்.”

மட்டையோடு போய்க் குனிந்து நின்றான். லுக்காஸ் எறிந்தான். பந்து ஒரு முழம் தள்ளியே போனது. துவாரகன் நிமிர்ந்தான். லுக்காஸின் முகமும் வெளிறியிருந்தது. அடுத்து லுக்காஸ் மட்டை பிடிக்கும்போது எறியப்போவது துவாரகன்.