கிதாருக்குப் பெட்டி பார்த்த படலம்

மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிப்பது என்றால் வாசிப்பு பாதி, சுமப்பது பாதி. பாடுகிறவர் தொண்டையை மட்டும் எடுத்துக்கொண்டு வருவார். புல்லாங்குழல்காரர் ஒரு துணிப்பையோடு வருவார். நாங்கள் மட்டும் வீடு காலி பண்ணுகிறவர்கள் மாதிரி வந்து இறங்குவோம். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்யாண ரிசப்ஷன், திருவிழா, காதுகுத்து என்று இருபது வருஷம் வாசித்தவன் நான். ஆசைப்பட்டு ஒரு மெஷினை வாங்கிவிட்டு, அதோடு சேருகிற இன்னொரு சாமானுக்காகத் தெருத்தெருவாக அலைந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க. நாம் ஒரே கட்சி.

சிங்கப்பூர் மச்சான்

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் மனைவியின் அண்ணன் ஊருக்கு வந்தபோது எனக்கென்று ஒரு டிஜிட்டல் மாடலர் கொண்டுவந்தார். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கிதாரின் ஒயரை அதில் செருகினால், உலகத்தில் பேர்போன ஆம்ப்ளிஃபயர்கள் எப்படியெல்லாம் கத்துமோ அப்படியெல்லாம் அது நடித்துக் காட்டும். குமிழை ஒரு தடவை திருப்பினால் ஒரு ஆம்ப்ளிஃபயர், இன்னொரு தடவை திருப்பினால் இன்னொன்று. மொத்தம் இருபது. ஆனால் அதற்குச் சொந்த வாய் கிடையாது. ஹெட்போனில் கேட்டுக்கொள்ளலாம், நாலு பேருக்குக் கேட்க வேண்டுமென்றால் ஒரு ஸ்பீக்கர் பெட்டி வேண்டும்.

ஆனையூர் வீட்டில் குடும்பமே சுற்றி உட்கார்ந்திருக்க, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி ஒரு மணி நேரம் வாசித்தேன். சொர்க்கம்! அவர்கள் காதில் விழுந்ததெல்லாம் கம்பியை நகத்தால் சுரண்டுகிற சத்தம்தான். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். வெளியாள் யாரும் இல்லாத நேரத்தில் என் மனைவி தமிழுக்கு மாறினால், விஷயம் கோர்ட்டுக்குப் போகிறது என்று அர்த்தம். அன்றைக்குத் தமிழில்தான் கேட்டாள்: "எங்கண்ணன் அம்புட்டு தூரத்துல இருந்து தூக்கிட்டு வந்தது, நீங்க ஒருத்தர் மட்டும் கேக்குறதுக்கா?"

அரைக்கட்டை

அடுத்த வாரமே ஒரு ரிசப்ஷன். மெஷினிலிருந்து ஒயரை நேராக ரேடியோ செட்டுக்காரரின் மிக்ஸரில் கொடுத்துவிட்டேன். சபையில் இருக்கிறவர்களுக்கு நன்றாகக் கேட்கும். மேடையில் இருப்பவர்கள் கேட்பதற்கென்று இருந்ததோ ஒரே ஒரு மானிட்டர் ஸ்பீக்கர், அதுவும் பாடுகிறவர்களைப் பார்த்து. எனக்கு நான் வாசிப்பது கேட்காது. கேட்காவிட்டால் என்ன, இத்தனை வருஷப் பழக்கம், கை தானாகப் போகும் என்று நினைத்தேன். போனது. அதுதான் வினை.

எங்கள் குழுவை நடத்துகிறவரும் முக்கியப் பாடகரும் ராஜாமணி மாஸ்டர். அன்றைக்கு அவருக்கு ஜலதோஷம். "எல்லாரும் சுருதிய அரைக்கட்டை இறக்கிக்கங்கப்பா" என்று மேடையேறுமுன் சொன்னார். நானும் தலையாட்டினேன். புது மெஷின் சந்தோஷத்தில் அது மண்டையில் ஏறவில்லை. எல்லாரும் ஒரு சுருதியில் போக, நான் மட்டும் அரைக்கட்டை மேலே நின்று பல்லவி முழுக்க வெளுத்து வாங்கினேன். கீபோர்டு செல்வம் புருவத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டினான். பாராட்டுகிறான் என்று நினைத்து நானும் சிரித்து வைத்தேன். கஷ்டகாலம்!

அந்த நாளில் எல்லாக் குழுவிலும் கீபோர்டு ஒவ்வொரு வாத்தியமாக விழுங்கிக்கொண்டிருந்தது. எங்களிடமே வயலின்காரரை நிறுத்தி ஆறு மாதம் ஆகியிருந்தது. எனக்கோ கிதாரை விட்டால் வேறு பிழைப்பு தெரியாது. பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த மாஸ்டர் ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அடுத்த மாசம் சமயநல்லூர் கச்சேரி. அதுக்குள்ள உன் சத்தத்துக்கு ஒரு வழி பண்ணிட்டு வா. இல்லைன்னா கிதாரையும் செல்வமே கீபோர்டுல வாசிச்சிருவாரு, நீ வீட்ல உக்காந்து ஹெட்போன்ல வாசி."

காளவாசல் பாய்

காளவாசலில் காதர் பாய்க்கு ஸ்பீக்கர் பெட்டி செய்கிற கடை. யார் போனாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "பாட்டுக்கா, பேச்சுக்கா?" பாட்டு என்றால் கல்யாண வீடு, பேச்சு என்றால் கட்சி மீட்டிங். நான் மெஷினைக் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டு பெட்டிகளைக் காட்டினார். ஒன்றில் கீழே பெரிய ஸ்பீக்கர், மேலே கீச்சுச் சத்தத்துக்கென்று குட்டி ட்வீட்டர். உள்ளே போவது அப்படியே வெளியே வரும். மற்றதில் பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்று மட்டும். கிதாருக்கென்றே உள்ளது, கூர்மையான சத்தத்தை எல்லாம் மழுக்கித் தன் இஷ்டத்துக்குத்தான் பேசும்.

"உங்க மெஷினே எல்லா வேலையும் பாக்குதுல்ல, அப்ப ட்வீட்டர் வச்சதுதான் சரி" என்றார் பாய். விடுவேனா? வெளிநாட்டு கிதார்க்காரர்கள் படத்தில் முதுகுக்குப் பின்னால் நிற்பதெல்லாம் ஒற்றை ஸ்பீக்கர் பெட்டிதான், எனக்கும் அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். வாசிக்கிறவன் நானா, அவரா? உள்ளேயே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டும் வைத்து நாலே நாளில் முடித்துக் கொடுத்தார். கறுப்பு ரெக்சின், முன்னால் கம்பி வலை, பார்க்கவே கம்பீரம். தூக்கும்போது பாய் சொன்னார்: "உங்க காது, உங்க பாக்ஸு தம்பி. திரும்பி வாரப்ப மட்டும் சாயங்காலமா வாங்க, மத்தியானம் நான் தூங்குவேன்."

டவுன் பஸ்

ஆட்டோக்காரர்கள் பெட்டியைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் டவுன் பஸ்ஸில் ஏற்றி, கால்களுக்கு நடுவில் அணைத்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் குனிந்து வலைக்குள் எட்டிப் பார்த்தார். பக்கத்து சீட்டு அம்மாள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். "ஸ்பீக்கருண்ணே, கச்சேரிக்கு" என்றேன். கண்டக்டர் நம்பவில்லை. பெட்டியை இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கோழி இல்லைன்னா எதுக்குண்ணே கம்பி வலை?"

மூன்று தடவை

வீட்டுக்கு வந்து மாட்டினேன். சத்தம் வந்தது. ஆனால் அடை மழைக்குப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு ஒருத்தன் உள்ளேயிருந்து பேசுகிற மாதிரி வந்தது. குமிழைத் திருப்பினேன். இருபது ஆம்ப்ளிஃபயரும் அதே போர்வைக்குள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராகக் காளவாசல் போய், "பலகை சரியில்ல பாய்" என்றேன். வேறு பலகை போட்டார். மறுபடியும் போர்வை. "ஸ்பீக்கர் சரியில்ல." வேறு ஸ்பீக்கர். அப்போதும் போர்வை. சமயநல்லூருக்கு நாலு நாள்தான் இருந்தது. செல்வம் கீபோர்டில் கிதார் சத்தத்தை வைத்து வாசிப்பது கனவில் வந்தது. அதுவும் அந்தப் பாவி நன்றாகவே வாசித்தான்.

மூன்றாவது தடவை, முதுகுப்பலகையில் ஓட்டை போட்டால் காற்றுப் போய்ச் சத்தம் தெளியும் என்று யாரோ சொன்னதை நம்பிப் போனேன். பாய் ஒரு ஓட்டை போட்டார். வாசித்தேன். இன்னொன்று என்றேன். போட்டார். இன்னொன்று என்றேன். எட்டு ஓட்டை ஆனதும் ட்ரில்லைக் கீழே வைத்துவிட்டு, டீயை என் கையில் கொடுத்துச் சொன்னார்: "தம்பி, அல்லா மேல சத்தியமா சொல்றேன், இன்னும் ஒண்ணு போட்டா இதுல இட்லிதான் அவிக்கணும்."

சந்தனம்

சமயநல்லூரில் மத்தியானம் மூன்று மணிக்கே மேடைக்குப் போய்விட்டேன். மாஸ்டர் வருவதற்குள் ஏதாவது அதிசயம் நடக்காதா என்று நப்பாசை. நடக்கவில்லை. அதே போர்வை. மேடை ஓரத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். கீபோர்டை மாட்டிக்கொண்டிருந்த செல்வம் பார்த்துக்கொண்டே இருந்தவன், இறங்கி வந்து மெஷின் முன்னால் குந்தினான். முன்னே பின்னே திருப்பினான். "மாப்ள, இது என்ன, மெஷினுக்குப் பின்னால மஞ்சளா?" என்றான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எங்கள் வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும், சைக்கிளோ மிக்ஸியோ, சந்தனம் குங்குமம் வைக்காமல் தொட முடியாது. இந்த மெஷினுக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று என் மனைவி தாராளமாகவே வைத்திருந்தாள். பின்னால் வைத்தது காய்ந்து ஓடாகி, ஒரு சின்ன சுவிட்சையும் அதன் பெயரையும் சேர்த்து மூடியிருந்தது. பொட்டை அழிப்பதாவது? நானும் தொடவில்லை. செல்வம் சாவியால் மெதுவாகச் சுரண்டினான். 'கேபினெட்', அதாவது பெட்டி, என்ற எழுத்து வெளியே வந்தது. இந்த மெஷின் ஆம்ப்ளிஃபயராக மட்டும் நடிக்கவில்லை, ஸ்பீக்கர் பெட்டியாகவும் சேர்த்து நடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பொய்ப் பெட்டியின் சத்தத்தை நான் நிஜப் பெட்டிக்குள் ஊற்றியிருக்கிறேன். ஒருதடவை மழுங்கின சத்தம் இன்னொரு தடவை மழுங்கினால் என்ன மிஞ்சும்? பாய் முதல் நாளே சொன்னது இதைத்தான்.

செல்வம் சுவிட்சை அணைத்துவிட்டு, "வாசி" என்றான். ஒரு கம்பியைத்தான் தட்டினேன். பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்புட்டு சுத்தம்! என் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம். அப்புறம்தான் உறைத்தது. நான் போனால் என் வேலையும் இவனுக்குத்தானே? ஏன்டா சரி பண்ணினாய் என்று கேட்டே விட்டேன். செல்வம் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "வலது கையில வயலினு, இடது கையில வீணை, நடுவுல ஷெனாயின்னு ஏற்கெனவே மூணு பேரு வேலையப் பாக்குறேன் மாப்ள. நீயும் வீட்டுக்குப் போயிட்டா நான் கால்லதான் வாசிக்கணும்."

ஆறாவது பாட்டு

ஏழு மணிக்குக் கச்சேரி ஆரம்பித்தது. பெட்டியை என் முதுகுக்குப் பின்னால் வைத்து, அதற்கு முன்னால் ரேடியோ செட்டுக்காரர் ஒரு மைக்கை நிறுத்தினார். எனக்கும் கேட்கிறது, ஊருக்கும் கேட்கிறது. முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு என்று போகிறது, மாஸ்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. நல்லதா கெட்டதா தெரியவில்லை. ஐந்தாவது பாட்டில் கிதாருக்கென்றே ஒரு இடம் வரும். அதை வாசித்து முடித்ததும் முன் வரிசையில் ஒரு விசில். எனக்கோ மாஸ்டரின் முதுகு மட்டும்தான் கண்ணில் இருந்தது. அந்த முதுகு என்ன நினைக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

ஆறாவது பாட்டுக்கு நடுவில் திரும்பினார். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, இரண்டே எட்டில் என் பக்கத்தில் வந்தார். முகம் சிவந்திருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, குனிந்து அடக்கப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்: "ஏய்யா, கிதாரக் கொறைய்யா! அடுத்த வாரம் திருமங்கலத்துலயும் இப்படிக் கத்துச்சுன்னா தொலைச்சுப்புடுவேன்!"

இத்தனை வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: சத்தத்தைக் குறைக்கச் சொல்லித் திட்டு வாங்குவதுதான் கிதார்க்காரனுக்குக் கிடைக்கிற ஒரே விருது, அதை வாங்கிய எவனும் சத்தத்தைக் குறைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.