சேவலுக்குப் பின்னால் ஓடிய முனியாயி

ஞானஸ்நானத்தில் அவளுக்குச் சாராள் என்று பேர் வைத்தார்கள். பசுமலைக்கு மேற்கே அந்தச் சேரியில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, முனியாயி முனியாயிதான். முன்பு கோயிலுக்கு வெளியே நின்றாள். சாமி மாறிய பிறகு வேதக்கோயிலுக்குள் வாசலோரம் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் மாற்றம். முன்னால் விரித்த பாய் காடுகரை உள்ள கிறிஸ்தவர்களுக்கு. சேரி சனத்துக்கு வெறுந்தரை. கேட்டால், "தேவ பயம் உள்ளவுக தள்ளித்தான் உக்காருவாக" என்பார் அங்கே ஜெபம் நடத்தும் உபதேசியார் ஞானாபரணம். அவர் உட்காருவது முதல் பாயில்.

முனியாயி ஆண்டவருக்கு உண்மையாகவே பயந்தாள். இடி இடித்தால் முந்தானையைத் தலையில் இழுத்துக்கொள்வாள். அதே ஆண்டவரிடம், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல, களை பறித்துக்கொண்டே நாளெல்லாம் பேசவும் செய்வாள். புருஷன் முத்துக்கருப்பன் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது, "இந்த மனுசனை எழுப்பி விட்டுருங்க சாமி. அறுப்புப் பண்டிகைக்கு என் சேவலை என் கையாலயே உங்க மேசையில வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். அவனும் எழுந்துவிட்டான். கம்பவுண்டர் கொடுத்த மருந்துக்கும் அதில் பங்குண்டு. அவள் அதை மறுத்ததில்லை.

ஆனால் சேரிக்காரர் காணிக்கையை வாசலிலேயே உபதேசியார் வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். மேசை இருப்பது முதல் பாய்க்கும் அப்பால். பாயைத் தாண்டினால் ஆண்டவர் கோபிப்பாரோ? தாண்டாவிட்டால், கொடுத்த வாக்கு என்னாவது? பண்டிகையன்று சேவலை மடியில் வைத்துக்கொண்டு தவித்தாள்.

"குடு" என்று கை நீட்டினார் ஞானாபரணம்.

"இருங்க உபதேசியாரே. கால்கட்டு இறுகிப்போச்சு, பாவம்."

நேரம் கடத்தத்தான் வாழைநாரைத் தளர்த்தினாள். சேவல் அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டது.

ஒரே எம்பு. உபதேசியாரின் தலைப்பாகை, பூசணிக்காய்க் குவியல், பெண்கள் பக்கம், முதல் பாய். பாடிக்கொண்டிருந்த கூட்டம் பாட்டை விட்டுவிட்டுச் சிரித்தது. முனியாயி பின்னாலேயே ஓடினாள். கூடை தட்டியது, தேங்காய் உருண்டது, அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. மேசையடியில் குப்புற விழுந்து சேவலை அமுக்கிப் பிடித்தாள்.

அப்போதுதான் எங்கே கிடக்கிறோம் என்று உறைத்தது. கண்களை இறுக மூடிக்கொண்டாள். இடி விழவில்லை. சேவல்தான் கூவியது. உடம்பு நடுங்க, அந்த நடுக்கத்துக்குள்ளிருந்தே மறுபடியும் சிரிப்பு பொங்கியது.

"ஏ முனியாயி, தேவ பயம் அத்துப்போச்சா ஒனக்கு?" என்றார் ஞானாபரணம், தலைப்பாகையைத் தேடிக்கொண்டே.

"ஆண்டவர்ட்ட அம்புட்டுப் பயமும் அப்படியே இருக்கு. கை நடுங்குறதைப் பாருங்க. உங்ககிட்ட இருந்த பயந்தான் வர்ற வழியில எங்கயோ விழுந்துபோச்சு."

வாழைநாரை மறுபடி முடிந்து, மேசைமேல் கம்பங்கதிர்களுக்கு நடுவே சேவலை வைத்தாள். "வச்சுட்டேன் சாமி" என்று கும்பிட்டாள். திரும்பி வாசலுக்குப் போகவில்லை. முதல் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த சுந்தரம்மாள் சேலையைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தாள்.

"நல்லாருப்பீக அக்கா" என்ற முனியாயி, வாசல் பக்கம் திரும்பினாள். "ஏய்யா, இங்க வா. அக்கா எடம் விட்டுருக்காக."

முத்துக்கருப்பன் எழுந்தான். அவனுக்குப் பின்னால் வெறுந்தரை முழுவதும் எழுந்தது.