காத்து பிரிஞ்சுதா?

"மூஞ்சியப் பாத்தா வாயே தொறக்காத பொண்ணாட்டம் கீது. காலைல வந்து கேக்குது பாரு மச்சான் ஒரு கேள்வி!"

வார்டு வாசலில் ஒரு நோயாளியின் தம்பி இன்னொருவரிடம் என்னைப் பற்றிச் சொன்னது இது. அவர் சொன்னதில் தப்பில்லை. தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில், வயிற்று அறுவைச் சிகிச்சைப் பிரிவில் டாக்டருக்கு உதவியாளராக இருக்கிறேன். குடலில் ஆபரேஷன் ஆனவருக்குக் குடல் மறுபடி வேலை செய்கிறது என்பதற்கு முதல் அடையாளம், காற்று பிரிவது. அதுவரை எங்கள் வார்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடையாது. ஆகவே தினமும் காலையில், முன்பின் தெரியாத பெரியவர்களிடம் நான் போய் அதைக் கேட்க வேண்டும். பஸ்ஸில் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கக்கூடக் கூச்சப்படும் தோழிகளே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

மூணு ஓட்டை

ஹெலன் டீச்சரை முடிச்சூரிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். பச்சை வாந்தி, பானை மாதிரி உப்பிய வயிறு. பழைய சிசேரியன் தழும்புக்கு உள்பக்கம் குடல் ஒட்டி, மடங்கி, அடைத்துக்கொண்டிருந்தது. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், மூன்று சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுப் பார்த்தே அந்த ஒட்டலைப் பிரித்துவிடலாம் என்றார் டாக்டர். துளை வழியாக முடியாவிட்டால் திறக்க வேண்டிவரும் என்பதைச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது என் பங்கு.

டீச்சரின் கணவர் செல்வராஜ் சார் அந்த அவசரத்திலும் சட்டையை இன் பண்ணி, தலையை வாரியிருந்தார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு சொன்னார்: "வேணும்னா திறக்கட்டும்மா. ஆனா அவகிட்ட மூணு ஓட்டைதான்னு சொல்லி உள்ள அனுப்பியிருக்கேன். என்னப் பொய்யன் ஆக்கிடாதீங்க."

தோள்வலி

அவர் பொய்யனாகவில்லை. மூன்று துளையிலேயே முடிந்தது. மறுநாள் டீச்சர் வயிற்றை விட்டுவிட்டு வலது தோளைத் தடவிக்கொண்டிருந்தார். கேமராவுக்கு இடம் வேண்டி வயிற்றுக்குள் வாயுவை ஏற்றுவோம், அது அடங்கும்வரை சிலருக்குத் தோள் வலிக்கும் என்று விளக்கினேன். பிறகு குரலை இறக்கி, "காத்து பிரிஞ்சுதா டீச்சர்?" என்றேன்.

மூக்கில் குழாயோடு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களே காத்தடிச்சீங்க. அது தோளுக்குப் போயிடுச்சு. இப்ப என்கிட்ட வந்து கணக்கு கேக்கறியா?"

எல்லாம் ஆச்சு

அடுத்த இரண்டு நாளும் நல்ல பதில் இல்லை. வயிறு மறுபடி உப்பத் தொடங்கியது. காலைக்குள் குடல் அசையாவிட்டால் ஸ்கேன், அதிலும் அடைப்பு தெரிந்தால் மறுபடி ஆபரேஷன், இந்த முறை வயிற்றைத் திறந்துதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாலையில் போனேன். கட்டிலைச் சுற்றி அவர்கள் சபைக்காரர்கள், நடுவில் போதகர். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வராஜ் சார் முந்திக்கொண்டார். "ஆச்சும்மா. எல்லாம் ஆச்சு."

ஆச்சு என்றால் தண்ணீர் கொடுக்கலாம். நர்ஸ் அக்கா டம்ளரைக் கையில் எடுத்துவிட்டார். நான் டீச்சரைப் பார்த்தேன்; முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். வயிற்றைத் தொட்டேன். காலையில் இருந்ததைவிட இறுக்கம். ஸ்டெதஸ்கோப் வைத்தால் உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"எல்லாரும் கொஞ்சம் வெளியே இருங்க" என்றேன். அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை.

அவர்கள் போனதும் மறுபடி கேட்டேன். டீச்சர் இல்லை என்று தலையசைத்தார். நர்ஸ் அக்கா டம்ளரை வைத்துவிட்டார். இப்போது தண்ணீர் கொடுத்திருந்தால் வாந்தி வந்து நுரையீரலுக்குள் இறங்கியிருக்கும் என்று சாரிடம் சொன்னேன். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"போதகர் நிக்கறப்போ அந்தக் கேள்விய உங்கள எப்படிம்மா கேக்க விடுவேன்?"

வராந்தா

காலையில் ஸ்கேனுக்கு வீல்சேர் வந்து நின்றது. அதற்கு முன் இன்னொரு தடவை நடக்கவைத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தார். செல்வராஜ் சார் டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். பாதி வழியில் போதகர் எதிரே வந்து, அங்கேயே நின்று ஜெபிக்க ஆரம்பித்தார். நாங்கள் மூவரும் கண்ணை மூடிக்கொண்டோம். மற்ற நோயாளிகளும் அவர்களைப் பார்க்க வந்தவர்களும் மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள்.

ஜெபத்தின் நடுவில் அது நடந்தது. நீளமாக, யாருக்கும் சந்தேகம் வராத அளவுக்கு.

போதகர் நிறுத்தினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றார் டீச்சர், வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும் குரலில்.

செல்வராஜ் சார் டிரிப்ஸ் ஸ்டாண்டை விட்டுவிட்டுக் கைதட்டினார்.