கொடி நிறத்தில் ஒரு விதைப்பு வண்டி

ஆபிரிக்க விவசாயத்தை முன்னேற்றும் வேலையில் எனக்கும் பங்கு இருந்தது. என் பங்கு பெயின்ற் அடிப்பது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஊரைவிட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு நான் வந்த புதிது. பார்க்டேலில் இருந்து சப்வேயும் பஸ்ஸும் மாறி ஸ்காபரோவில் ஒரு சிறிய பெக்டரிக்கு வேலைக்குப் போய்வந்தேன். அங்கே கையால் தள்ளுகிற விதைப்பு வண்டி செய்தோம். சில்லு உருள, பெட்டிக்குள் இருக்கும் துளை போட்ட பிளாஸ்ரிக் தட்டும் சுழன்று, விதையை ஒவ்வொன்றாக நிலத்தில் விடும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கே அது விளங்கியது. அதற்கு அவர்கள் வைத்திருந்த நீளப் பெயர்தான் விளங்கவில்லை.

டவுன்ரவுனில் இருந்த ஓர் உதவித் திட்டத்தார் அந்த வண்டிகளை ஆபிரிக்க நாடொன்றுக்கு அனுப்ப இருந்தார்கள். அந்த ஓடர் கிடைக்காவிட்டால் கடைசியாகச் சேர்ந்தவர்களை நிறுத்தவேண்டி வரும் என்று முதலாளி சொல்லியிருந்தார். கடைசியாகச் சேர்ந்தவன் நான். வேலை இல்லாதவன் குடும்பத்தை ஸ்பொன்சர் செய்து இங்கே கூப்பிட முடியாது. மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தார்கள். ஆகவே அந்த வண்டி ஆபிரிக்காவுக்குப் போகவேண்டும் என்று என்னளவுக்கு ஆசைப்பட்டவன் ஆபிரிக்காவிலேயே இருந்திருக்கமாட்டான்.

திட்டத்தின் பொறுப்பாளர் கிழமைக்கு ஒருமுறை வருவார். வயலுக்கென்று வாங்கிய உயரச் சப்பாத்துப் போட்டிருப்பார். அதில் ஒருநாளும் நான் மண்ணைக் காணவில்லை. விவசாயிகள் என்று சொல்லமாட்டார், பங்காளிகள் என்பார். பங்காளிகளில் ஒருவரைக்கூட அவர் நேரில் கண்டதாகத் தெரியவில்லை.

ஒருநாள் அவர் கொடிப் படம் ஒன்றோடு நேரே என்னிடம் வந்தார். நான் ஆட்களைக் கண்டால் ஒதுங்குகிறவன், ஆங்கிலமும் குறைவு. பக்கத்தில் வெல்டிங் செய்த மன்னார்ப் பொடியன்தான் எனக்கு மொழிபெயர்ப்பாளன்.

"அண்ணை, அந்த நாட்டு அரசாங்கம் விவசாயத்துக்கெண்டு தேசியக் கொள்கை ஒண்டு போட்டிருக்காம். எந்தத் திட்டமும் அதோட பொருந்த வேணுமாம். அங்கத்தைய அதிகாரி ஒராள் வண்டியைப் பாக்க வாறாராம்."

"அதுக்கு நான் என்ன செய்யிறது?"

"பச்சையும் மஞ்சளும் அடிக்கட்டாம். கொடி நிறமாம்."

"பகிடி விடாதை தம்பி."

"நானோ விடுறன்? உவரைக் கேளுங்கோ. ரெண்டு கோட் அடிச்சால் கொள்கை வடிவாப் பொருந்துமாம்."

பெட்டிக்குப் பச்சை, சில்லுக்கு மஞ்சள் அடித்தேன். பொறுப்பாளர் பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

அதிகாரி ஒரு குளிர் நாளில் பொறுப்பாளரோடு வந்தார். யாரோ இரவல் கொடுத்த பெரிய கோட்டுக்குள் சிறிய மனிதர். நிறத்தை அவர் பார்க்கவே இல்லை. வண்டியைச் சீமெந்துத் தரையில் தள்ளிப் பார்த்தார், பெட்டியைத் திறந்து தட்டை வெளியே எடுத்தார், ஏதோ கேட்டார். நான் பொடியனின் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

"என்னவாம்?"

"இது உடைஞ்சால் தங்கட ஊர்க் கொல்லன் செய்வானோ எண்டு கேக்கிறார். உள்ளூர்க் கொல்லன் திருத்த ஏலாத சாமானை எடுக்கிறேல்லை எண்டுறதுதானாம் கொள்கை."

"பொறுப்பாளர் என்னவாம்?"

"தட்டை இஞ்சயிருந்து அனுப்புவினமாம்."

"அதுக்கு அதிகாரி?"

"தட்டு வருமட்டும் மழை காத்துக்கொண்டு நிக்குமோ எண்டுறார்."

முதலாளி இடையில் புகுந்தார். இரும்புத் தகட்டில் துளை போட்டால் போதும், எந்தக் கொல்லனும் செய்வான், இந்தக் கிழமையே மாற்றித் தரலாம் என்றார். அதிகாரியின் முகம் தெளிந்தது. என் வயிறும் குளிர்ந்தது. பொறுப்பாளர் மட்டும் தலையாட்டி மறுத்தார்.

"ஏனாம்?"

"தட்டுத்தானாம் புதுமை. தகட்டில செய்தால் அது பழைய சாமான் ஆகிவிடுமாம். காசு குடுத்தவைக்குக் காட்ட ஒண்டும் மிஞ்சாதாம். அவையின்ர கொள்கையைக் கொஞ்சம் இளக்கலாம்தானே எண்டுறார்."

ஒரு பிளாஸ்ரிக் தட்டை மாற்ற மனமில்லாதவர் ஒரு நாட்டை மாறச் சொன்னார். அதுவும் மரியாதையாக, சிரித்துக்கொண்டு. அதிகாரி தட்டைத் திரும்ப வைத்து, பெட்டியை மூடி, எங்கள் எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டுப் போனார். ஓடரும் அவரோடு போயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டார். நிறுத்தப்போகிறார் என்று என் உடுப்புப் பையையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். உள்ளே பொறுப்பாளர் சிரித்த முகத்தோடு இருந்தார். பொடியனும் நின்றான்.

"அண்ணை, பையை வையுங்கோ. வேற நாடொண்டு பிடிச்சிட்டினம். அதுக்கு இன்னும் கொள்கை இல்லையாம்."

"பிறகு அந்த நாட்டுக்காரரும் கொள்கை எழுதினால்?"

"அதையும் உந்தத் திட்டத்தார்தான் எழுதிக் குடுக்கப் போகினம். வண்டியைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு எழுதுவினம். இந்தமுறை பிழைக்காது."

அன்று பின்னேரம் கொழும்புக்கு போன் எடுத்து, வேலை நிலைத்துவிட்டது, ஸ்பொன்சர் அலுவலைத் தொடங்கலாம் என்றேன். மனைவி அழுதாள். உங்கள் வண்டி எந்த நாட்டுக்குப் போகிறது என்று மகள் கேட்டாள். எனக்கு அதன் பெயர் தெரியவில்லை. அலுவலகத்திலும் அன்று யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.