பாஸ்வேர்டைச் சொல்ல வாய் வரவில்லை

போன சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடையில் நிற்கிறேன், போன் அடிக்கிறது. என் மனைவி ஸ்டெல்லா, கிள்ளான் வீட்டிலிருந்து.

"ஏங்க, உங்க லேப்டாப் செத்துப் போச்சு!"

சாகவில்லை. அதன் சுபாவமே அதுதான்.

ஒன்பது வயது லேப்டாப், உள்ளே இருப்பது லினக்ஸ். முன்பெல்லாம் மூடியைத் திறந்தால் போதும், யார் எவர் என்று கேட்காமல் நேராக டெஸ்க்டாப்புக்கு விட்டுவிடும். அந்த வேலையைச் செய்வது லாகின் மேனேஜர் என்கிற வாசல் காவலாளி. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அந்தக் காவலாளி மயங்கி விழுந்தால் என்ன செய்வது? எட்டு மாதத்துக்கு முன்பு கடுப்பாகி வேலையை விட்டே தூக்கிவிட்டேன்.

இப்போது பட்டனை அமுக்கினால் வெறும் கறுப்புத் திரை. பெயரை அடித்து, பாஸ்வேர்ட் அடித்து, கடைசியில் 'ஸ்டார்ட்எக்ஸ்' என்று கட்டளை கொடுத்தால்தான் டெஸ்க்டாப் எழுந்து வரும். தினமும் காலையில் நானே எழுப்பி வைத்துவிடுவேன். அன்றைக்கு அவசரத்தில் கிளம்பிவிட்டேன்.

"நாலு மணிக்குக் கல்யாணம்ங்க. பாட்டுத் தாள் அதுக்குள்ளதான் இருக்கு. போட்டோஸ்டாட் கடைய ரெண்டு மணிக்குச் சாத்திடுவான் லா!"

ஸ்டெல்லா எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்குத் தலைவி. இரண்டு நாள் உட்கார்ந்து தட்டிய தாள் அது. மணி ஒன்று ஆகப் போகிறது. கொமூட்டர் ரயில் பிடித்து நான் போய்ச் சேருவதற்குள் கடைக்காரன் வீட்டில் குட்டித் தூக்கம் போட்டுக்கொண்டிருப்பான்.

"பதறாத. நான் சொல்லச் சொல்ல அடி. முதல்ல என் பேரு."

"அடிச்சிட்டேன். பாஸ்வேர்ட் கேக்குது. என்ன?"

எனக்கு வாய் வரவில்லை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன்பு எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறக்க இருந்தது. ஆறாம் மாதத்தில் போய்விட்டது. அதற்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பெயர் பார்த்து வைத்திருந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாளில் பெரியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள் — அதைப் பத்திப் பேசாதீங்க, மறந்துடுங்க. அப்புறம் மகன் பிறந்தான், வளர்ந்தான், இப்போது பினாங்கில் வேலை பார்க்கிறான். அந்தப் பெயரை மட்டும் வீட்டில் ஒருவரும் உச்சரித்ததே இல்லை. சொன்னால் அவள் உடைந்து போவாள் என்று நான் பயந்தேன். ஒரு சண்டையில் அவள் கத்தியிருக்கிறாள், "உங்களுக்கென்ன, நீங்க மறந்துட்டீங்க!" என்று. அன்றைக்கும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

பாஸ்வேர்ட் அந்தப் பெயர்தான்.

"வாட்சப்புல அனுப்பறேன்" என்றேன். கோழைத்தனம்தான், வேறென்ன?

"நேரம் இல்லங்க, சொல்லித் தொலைங்க!"

சொன்னேன். பூக்கடைக் கூட்டத்துக்கு நடுவே, ஒவ்வொரு எழுத்தாக.

"அண்ணே, எத்தன சரம்?" என்று பூக்கார அக்கா கேட்கிறார். கையைக் காட்டி நிற்கச் சொன்னேன். எத்தனை நேரம் அப்படி நின்றேனோ...

"ஒண்ணுமே விழலயே" என்றாள் கடைசியில். குரல் மாறியிருந்தது.

"விழாது. அடிச்சா திரையில ஒண்ணும் காட்டாது, ஆனா உள்ள போகும்."

"எனக்கு எப்படித் தெரியும்? விழலன்னு ரெண்டு தடவ அடிச்சிட்டேன். தப்புங்குது."

"இன்னொரு வாட்டி அடி. ஒரே ஒரு தடவ."

கீபோர்டு சத்தம் மெதுவாகக் கேட்டது. அப்புறம் ஸ்டார்ட்எக்ஸ். "வந்துருச்சு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

பாட்டுத் தாள் நேரத்துக்கு வந்தது. கல்யாணத்தில் ஸ்டெல்லா நன்றாகவே பாடினாள். என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. இத்தனை வருஷம் ஆறிக் கிடந்ததைப் பேரைச் சொல்லிக் கிளறிவிட்டோமோ?

திரும்பும் வழியில், காரில், சிக்னலில் நிற்கும்போது கேட்டாள்.

"தினமும் அடிக்கிறீங்களா?"

"எட்டு மாசமா, தினமும்."

"அதுக்கு முன்னாடி?"

"மூணு லேப்டாப் மாத்தியாச்சு. மூணுக்கும் அதே பாஸ்வேர்டுதான்."

அவள் அழுதாள். நானும்தான். சிக்னல் பச்சையானது, பின்னாலிருந்த லோரிக்காரன் ஹார்ன் அடித்தான், அடித்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

ஓர் உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். வேறு லாகின் மேனேஜர் போட அரை மணி நேரம் போதும். எட்டு மாதமாக நான் போடாததற்குச் சோம்பல் காரணம் இல்லை. காலையில் காபியோடு உட்கார்ந்து அந்தப் பெயரை விரலால் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. எல்லாம் தானாகத் திறந்துகொண்டால் அப்படி ஒரு நிமிஷம் எங்கே கிடைக்கும்? ஆனால் அந்த நிமிஷத்தை நான் மட்டும் வைத்துக்கொண்டது தப்பு. இது இருபத்தாறு வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

மறுநாள் காலை கேட்டேன். "உனக்குக் கஷ்டமா இருந்தா பழையபடி தானாத் திறக்கற மாதிரி மாத்திடவா?"

"கைய வெச்சீங்கன்னா பாருங்க" என்றாள்.

பெயர் என்ன என்று கேட்காதீர்கள். பாஸ்வேர்டைப் பத்திரிகையில் எழுதும் அளவுக்கு எனக்கு இன்னும் புத்தி மழுங்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன் — இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் காலைச் சண்டையே, இன்றைக்கு லேப்டாப்பை யார் திறப்பது என்பதில்தான்.