திருவனந்தபுரம்தான் வேண்டும் என்றாள் மகள்

போன வருடம் காலாண்டு விடுமுறை. இரணியல் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டில் ஒரு வாரமாக ஒரே பேச்சுதான் ஓடியது: எந்த ஏர்போர்ட்டில் இருந்து கிளம்புவது?

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். வரும்போதெல்லாம் பிள்ளையை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பார். கல்யாண வீடு, ஞானஸ்நான வீடு, ஒழுகுகிற மாடி என்று அலைந்து முடிப்பதற்குள் லீவு தீர்ந்துவிடும். இந்தத் தடவை மனிதர் பிடிவாதமாக நின்றுவிட்டார். பெங்களூர் பக்கத்தில் இருக்கிற பெரிய தீம் பார்க், நாலு நாள், அதுவும் பிளேனில்தான். நாகர்கோவிலில் ரயில் ஏறினால் காலையில் பெங்களூரில் இறங்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"நான் பிளேன்ல போம்பம்லாம் பக்கத்து சீட்ல எவனாவது ஒருத்தன் உறங்கிட்டு வருவான். ஒரு தடவையாவது நீங்க ரெண்டு பேரும் இருங்க" என்றார். ரயில் பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

நான் தக்கலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறேன். ஊரில் பாதிப் பேருக்கு ரயில் டிக்கெட், பிளேன் டிக்கெட் எல்லாம் என் கையால் போட்டதுதான். ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவள், சொந்த டிக்கெட் என்று வந்ததும் திருதிருவென்று முழித்தேன். மீன் வாங்கப் போனாலே நாலு கூடையைப் புரட்டிப் பார்த்துவிட்டு முதல் கூடைக்கே திரும்பி வருகிற ஆள் நான். இங்கே கண்ணுக்கு முன்னால் திருவனந்தபுரம், தூத்துக்குடி, மதுரை, கொச்சி என்று நாலு ஏர்போர்ட் நின்றன. திருவனந்தபுரம் பக்கம், ஆனால் மார்த்தாண்டத்தையும் களியக்காவிளையையும் தாண்டுவதற்குள் உயிர் போய்விடும். மதுரைக்கு ரோடு நன்றாக இருக்கும், ஆனால் போய்ச் சேரவே பாதி நாள் ஆகிவிடும். கொச்சியில் டிக்கெட் விலை குறைவு, மிச்சமாகிற பணத்தை டாக்சிக்காரருக்குக் கொடுக்க வேண்டியதுதான். காலையில் ஒன்றை முடிவு செய்வேன், மத்தியானம் விலை மாறியிருக்கும், சாயந்திரம் என் மனது மாறியிருக்கும்.

கடைசியில் என் அண்ணன்தான் பஞ்சாயத்துக்கு வந்தான். நாகர்கோவிலில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறான், சொந்தக் கார் உண்டு. எங்கிருந்து போனாலும் கொண்டுவிடப் போகிறவன் அவன்தான் என்பதால் அவன் பேச்சுக்கு ஒரு மரியாதை இருந்தது.

"ஏட்டி, கண்ண மூடிட்டு தூத்துக்குடில போடு. சின்ன ஏர்போர்ட்டு, பாத்துக்க. அங்கேந்து வெளிநாட்டுக்கெல்லாம் பிளேன் கெடயாது. கூட்டமே இருக்காது. உள்ள போனமா, ஏறுனமான்னு இருக்கும்" என்றான்.

எனக்கும் அது சரியாகப் பட்டது. தூத்துக்குடி என்று முடிவானது. அன்று சாயந்திரம் என் மகள் சாப்பிடவில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "தூத்துக்குடி வேண்டாம், திருவனந்தபுரம் போவோம்" என்றாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். மறுநாளும் அதே பேச்சு. கொஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன். எங்கே ஏறினாலும் அதே பார்க்குக்குத்தான் போகப் போகிறோம் என்று படம் வரைந்துகூடக் காட்டினேன். படத்தைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். எந்த ஏர்போர்ட் என்று ஏழு வயசுப் பிள்ளைக்கு என்ன வந்தது? எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை.

எங்கள் பக்கத்தில் ஏர்போர்ட் என்றாலே திருவனந்தபுரம்தான். கல்ஃபுக்குப் போகிறவரை வழியனுப்ப வீட்டோடு வேனில் ஏறிப் போவோம். அவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குள் போவார். நாங்கள் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, தலை தெரிகிறவரை கை காட்டிவிட்டுத் திரும்புவோம். என் மகளும் கைக்குழந்தையாக ஒரு தடவை, ஓடுகிற வயசில் ஒரு தடவை அங்கே வந்திருக்கிறாள். அந்தக் கண்ணாடிக்கு உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறாள் போல என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

"பிள்ளைக்காகத்தான போறோம். அவ சொல்லுகதையே போடு" என்றார் என் வீட்டுக்காரர். போட்டேன். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அதற்குப் பிறகு நடந்தவைதான் என்னை இன்னும் குழப்பின. தண்ணீர் விளையாட்டுக்கு என்று நாகர்கோவிலில் நீச்சல் உடை வாங்கப் போனோம். ஏதோ ஒன்று போதும் என்று அசட்டையாகச் சொல்லிவிட்டாள். வருகிற வழியில் அப்பாவிடம், அங்கே மழை பெய்யுமா, பக்கத்து வீட்டில் பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். ஓட்டலைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து அவரும் எதையோ சொல்லி வைத்தார். ரெண்டு நாள் கழித்து, எதிர்வீட்டுச் சிறுமி என் மகளின் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். கேட்டால், என் மகளே கொடுத்துவிட்டாளாம். இரவலாக இல்லை, ஒரேயடியாக. சலித்துப் போயிருக்கும் என்று அதற்கும் நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

தன் பையைத் தானே அடுக்குவேன் என்றாள். என்னைத் தொடவிடவில்லை. கிளம்புகிற அன்று இவர் அதைத் தூக்கிவிட்டு, "என்னத்த வச்சிருக்கா, கல்லா?" என்று சிரித்தார்.

அண்ணன் பேசிக்கொண்டே ஓட்டினான். வழக்கமாக நிறுத்துகிற இடத்தில், அந்தப் பெரிய கண்ணாடிக் கட்டடத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். அவன் எத்தனையோ பேரை அங்கே இறக்கிவிட்டவன். நானும் வேறு இடம் இருக்கும் என்று நினைக்கவேயில்லை. நாங்கள் பெட்டியை இறக்குவதற்குள் என் மகள் தன் பையை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் வரிசையில் நின்றுவிட்டாள். வாசலில் நின்ற காவலர் என் போனில் இருந்த டிக்கெட்டைப் பார்த்தார்.

"இது டொமஸ்டிக் ஆணல்லோ சேச்சி. ஷங்குமுகம் சைடில் போணம்" என்றார்.

உள்நாட்டு விமானங்களுக்குக் கட்டடம் வேறு. ரன்வேக்கு அந்தப் பக்கம், கடற்கரையை ஒட்டி இருக்கிறது. சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். டிக்கெட்டிலேயே டெர்மினல் போட்டிருந்தது, ஊருக்கெல்லாம் டிக்கெட் போடுகிறவள் கண்ணில்தான் அது படவில்லை. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு வண்டியை எடுக்கப் போனான். மகள் மட்டும் வரிசையை விட்டு வர மறுத்தாள். "அப்பா போற வாசல் இதுதான்! இந்த வாசல்தான்!" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். எல்லோரும் பார்க்கிறார்கள், பிளேனுக்கு நேரமாகிறது, எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தரதரவென்று இழுத்து வண்டியில் போட்டேன். வழியெல்லாம் விக்கிக்கொண்டே வந்தாள். லட்சம் பிள்ளைகள் ஆசைப்படுகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம், இவளுக்கு வாசல் ஒரு பிரச்சினையா என்று நான் பொரிந்து தள்ளினேன்.

எப்படியோ நேரத்துக்குள் உள்ளே போய்விட்டோம். பைகளை மெஷினில் விட்டபோது மகளின் பையை மட்டும் தனியே எடுத்து வைத்தார்கள். சீருடை போட்ட ஒரு பெண், உள்ளே கத்தரிக்கோல் இருக்கிறது என்று சைகையில் சொல்லிவிட்டு ஜிப்பைத் திறந்தார்.

முதலில் தமிழ்ப் புத்தகம் வந்தது. அப்புறம் கணக்கு. பின்னே பள்ளிச் சீருடை இரண்டு செட், பெல்ட், டை, அடையாள அட்டை. ஞானஸ்நானத்துக்கு வந்த, பேர் வெட்டின எவர்சில்வர் தம்ளர். ரேங்க் கார்டு. கத்தரிக்கோல் ஜியாமெட்ரி பெட்டிக்குள் இருந்தது. வாங்கிக் கொடுத்த நீச்சல் உடை இல்லவே இல்லை. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து இந்தியில் ஏதோ கேட்டார். எனக்கு இந்தி தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

"பார்க்குக்கு எதுக்கு மக்ளே இதெல்லாம்?" என்று இவர் கேட்டார்.

"அங்க ஸ்கூல்ல சேக்கம்ப கேப்பாவல்லா?"

"எங்க?"

"உங்க ஊர்ல. பார்க்கு பாத்துட்டு அப்படியே உங்க கூட வாறோம்லா?"

எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிந்தது. தூத்துக்குடியில் இருந்து வெளிநாட்டுக்குப் பிளேன் கிடையாது என்று அவள் மாமா சொன்னது, சைக்கிள், மழை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், எல்லாம். அப்பாவோடு பெட்டி கட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்குப் போகிறோம் என்றால், அப்பா இருக்கிற ஊருக்கே போகிறோம் என்றுதான் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். நாங்கள் பார்க்கைப் பற்றிப் பேசிய ஒரு வாரமும் அவள் வேறொரு பயணத்துக்குத் தயாராகிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

ஒரு ஓரத்து நாற்காலியில் அவளை உட்கார வைத்து, இவர் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தார்.

"அப்பா ரூம்ல எட்டுப் பேரு கெடக்கோம் மக்ளே. ஒரு கட்டிலுக்கு மேல இன்னொரு கட்டிலு. பிள்ளையளுக்கு எடமில்ல" என்றார்.

"நான் உங்க கட்டில்லயே படுத்துக்கிடுதேன். ஒடுங்கிப் படுத்துக்கிடுவேன்" என்றாள்.

கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் என் வீட்டுக்காரர் அழுது நான் பார்த்ததில்லை. கண்ணாடிக் கதவுக்குள் போகும்போது ஒவ்வொரு தடவையும் சிரித்துக் கை காட்டிவிட்டுத்தான் போவார். அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் பிள்ளையின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அவள் பயந்து போய், "செரிப்பா, செரிப்பா, பார்க்குக்கே போவோம்" என்று அவர் தலையைத் தடவினாள். யார் யாரைச் சமாதானப்படுத்துகிறார்கள் என்று புரியாமல் நான் அந்தப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பிளேனில் இவர் ஆசைப்பட்டபடியே நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். பார்க்கில் அவள் சிரித்தாள், தண்ணீரில் குதித்தாள், ஐஸ்கிரீமுக்கு அடம் பிடித்தாள். பிள்ளைகள் அப்படித்தான். எனக்குத்தான் ஒவ்வொரு சிரிப்பையும் நம்பலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. லீவு முடிந்து இவரை அனுப்பப் போனபோது அவள் அழவில்லை. அது நல்லதா கெட்டதா என்றும் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கோடை விடுமுறைக்கு நாங்கள் மஸ்கட் போகிறோம். இவரோடு வேலை பார்க்கிறவரின் குடும்பம் ஊருக்கு வருகிறது. அவர்கள் திரும்பும்வரை அந்த வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். விசிட் விசாவுக்கு எழுதிப் போட்டாயிற்று. போன வாரம் இதை மகளிடம் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். எந்த ஏர்போர்ட் என்று கேட்கவில்லை. என்ன கொண்டுபோகலாம் என்றும் கேட்கவில்லை.

"எப்பம்மா திரும்பி வருவோம்?" என்றுதான் முதலில் கேட்டாள்.

தேதியைச் சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "செரி" என்று விளையாடப் போய்விட்டாள். எங்கே போகிறோம், எப்படிப் போகிறோம் என்று அவளிடம் ஆயிரம் தடவை சொன்ன நாங்கள் போன தடவை சொல்லாமல் விட்டது அந்த ஒன்றைத்தான். அதை அவளாகவே கேட்கக் கற்றுக்கொண்டதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா, அழ வேண்டுமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.