விஷ்ணுகிராந்தி தேடிய மாதம்

எங்கள் நகரியில் விநாயகர் சதுர்த்தியைத் தெலுங்கில் சவிதி என்பார்கள். அன்றைக்குப் பிள்ளையாருக்கு இருபத்தோரு வகை இலை போட வேண்டும். பத்ரி என்போம். பூஜைப் புத்தகத்தில் இருக்கிற பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்போம். கையில் அகப்பட்ட பச்சையைப் போடுவோம். போன வருஷம் தெரியாத பெயருக்கெல்லாம் மாவிலைதான். அப்புறம் மகளுக்கு வரவிருந்த வேலை தட்டிப்போனதும், அந்த மாவிலைதான் காரணம் என்று என் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"சாமிக்கு என்னா கண்ணு தெரியாதா? இந்த வாட்டி விஷ்ணுகிராந்தின்னா விஷ்ணுகிராந்தியே வரணும்."

சவிதி முடிந்த வாரம் மகளுக்கு ஸ்ரீசிட்டியில் இன்டர்வியூ. மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

நீலமாகச் சின்னப் பூ என்று கேள்விப்பட்டிருந்தேன், அவ்வளவுதான். விஜயபுரம் பக்கம் என் மச்சானுக்கு வேர்க்கடலைக் கொல்லை. ஆடி மழைக்கு வரப்பெல்லாம் பூ. அதில் பாதி நீலம்! களை எடுக்கிற பெண்களிடம் ஒன்றைக் காட்டிப் பெயர் கேட்டேன்.

"அதுவா? ஆடு துன்னும்."

"இது?"

"இது துன்னாது."

பெயரைக் கேட்டால் ஆட்டுச் சாப்பாட்டைச் சொல்கிறார்களே! கைபேசியில் படம் எடுத்துப் போட்டால், ஒரே பூவுக்கு அது நேற்று ஒரு பெயர் சொன்னது, இன்று ஒரு பெயர். ஒருவழியாக இரண்டு செடிகளில் வந்து நின்றேன். கானாவாழைப் பூவில் இரண்டு இதழ் காது மாதிரி தூக்கி நிற்கும்; விஷ்ணுகிராந்தி வட்டமாக விரியும். தெரிந்தென்ன? தறியை நிறுத்திவிட்டு நான் வண்டியில் போய்ச் சேர்வதற்குள் வெயில் சாய்ந்துவிடும். இரண்டும் சுருண்டு கிடக்கும்.

சவிதியன்று விடியற்காலையிலேயே போய் வரப்பில் உட்கார்ந்தேன். அன்றைக்கென்று பார்த்து வானம் மூடிக்கொண்டது. ஒரு மொட்டும் அவிழவில்லை. மனைவியிடமிருந்து போன் மேல் போன்.

"இன்னாய்யா பண்ணிக்கினு கீற? பூஜைக்கு நேரமாவுது."

"பூ விரியலடி!"

வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்த மச்சான் துப்பிவிட்டுச் சிரித்தான். "இன்னா மாமா, சாமி பூவா கேட்டுது? பத்ரிதானே? எலையப் பாரேன்!"

ஒரு மாதமாக என்னோடு அலைந்தவன் இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? எரிச்சலோடு குனிந்து தடவினேன். ஒன்று மூங்கில் இலை மாதிரி நீண்டு தண்டைச் சுற்றிப் பிடித்திருந்தது. மற்றது சின்னது, மேலெல்லாம் பூனைமயிர். விஷ்ணுகிராந்தி என்று கைபேசி காட்டிய படத்திலும் அந்த மயிர் இருந்தது. பூவைப் பார்க்கிற ஆத்திரத்தில் நான்தான் பார்க்கவில்லை.

வீட்டில் மனைவி இலையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். "நெஜமா இதானா?"

"சத்தியமா."

மகள் கையாலேயே போடச் சொன்னாள். மகள் போட்டுக் கும்பிட்டுவிட்டு மேலே படித்துக்கொண்டே போய் இன்னொரு தெரியாத பெயரில் நின்றாள். "கண்டகி பத்ரம்."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "அது எந்தக் கொல்லையில கீது?"